ஷேல் பாறையை எடைபோடுவது எப்படி? சீஸ்மிக், கிணற்றுத் தரவுகளை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

1981ல் டெக்சாஸ் மாநிலத்தின் வைஸ் கவுண்டியில் மிட்செல் எனர்ஜி நிறுவனம் சி.டபிள்யூ. ஸ்லே நம்பர் 1 என்ற கிணற்றைத் தோண்டி, பார்னெட் ஷேல் என்ற கரிய பாறையைச் சோதித்தது. வாயு வந்தது, ஆனால் போட்ட பணம் வரவில்லை. நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் மிட்செல் விடவும் இல்லை. 1998ல் எஸ்.எச். கிரிஃபின் எஸ்டேட் நம்பர் 4 கிணற்றில் கெட்டி ஜெல்லைக் கைவிட்டு, பெரும்பாலும் தண்ணீரையே அழுத்திப் பாறையை உடைத்தார்கள். அதற்குப் பிறகுதான் கணக்கு மாறியது. 2002ல் டெவன் எனர்ஜி அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டது.

இதை எல்லோரும் தண்ணீர் உடைப்பின் வெற்றிக் கதையாகத்தான் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்த பகுதி வேறு. தொண்ணூறுகளின் கடைசியில் புதிதாகக் கோர் (கிணற்றுக்குள்ளிருந்து வெட்டியெடுக்கும் உருளைப் பாறைத் துண்டு) எடுத்து அளந்தபோதுதான், அந்தப் பாறையில் முன்பு நினைத்ததைவிட வெகு அதிகமாக வாயு இருப்பது தெரிந்தது. பல ஆண்டுகள் தப்பான எண்ணை நம்பிக்கொண்டு வேலை நடந்திருக்கிறது. பாறை என்னவோ அதே பாறைதான்.

இந்த வழிகாட்டி அந்த எண்களை எப்படி எடுப்பது, எங்கே சந்தேகப்படுவது என்பது பற்றியது. எட்டரை அங்குல ஓட்டை வழியாகப் பார்க்கும் கிணற்றுத் தரவு துல்லியமானது, ஆனால் ஓட்டையிலிருந்து சில அடிக்கு அப்பால் அதற்குக் கண் தெரியாது. சீஸ்மிக், அதாவது தரையில் அதிர்வு எழுப்பி அதன் எதிரொலியைப் பதிந்த தரவு, ஒரு தாலுகாவையே காட்டும், ஆனால் மங்கலாக. கோரில் அளந்ததை லாகுக்கும் (கிணற்றுக்குள் கருவி இறக்கி ஆழவாரியாக எடுக்கும் பதிவு), லாகில் கண்டதை சீஸ்மிக்குக்கும், அதிலிருந்து வரைபடத்துக்கும் கைமாற்றிக்கொண்டே போவதுதான் வேலை. ஒவ்வொரு கைமாற்றிலும் கொஞ்சம் சிந்தும். எவ்வளவு சிந்தியது என்று தெரிந்துவைத்திருந்தால் போதும். உதாரணத்துக்குப் பார்னெட்டையே வைத்துக்கொள்வோம்.

படி 1: பாறைக்கு மேலும் கீழும் யார் என்று பாருங்கள்

பார்னெட் ஃபோர்ட் வொர்த் படுகையில், மிசிசிப்பியன் காலத்தில் படிந்தது. முக்கியப் பகுதியில் சுமார் 6,500 முதல் 8,500 அடி ஆழத்தில், 300 முதல் 500 அடி தடிமனில் கிடக்கிறது. மேலே மார்பிள் ஃபால்ஸ் சுண்ணாம்புப் பாறை. நடுவில் சில இடங்களில் ஃபாரஸ்ட்பர்க் சுண்ணாம்பு புகுந்து மேல் பார்னெட், கீழ் பார்னெட் என்று பிரிக்கிறது. கிழக்கில் அடியில் வயோலா–சிம்ப்சன் சுண்ணாம்பு இருக்கிறது. மேற்கே போகப்போக அது மெலிந்து காணாமல் போக, பார்னெட் நேராக எல்லன்பர்கர் மீது உட்காருகிறது. எல்லன்பர்கர் ஆர்டோவிசியன் காலத்து கார்பனேட் பாறை. குகைகளும் பொந்துகளும் நிறைந்தது, உள்ளே தண்ணீர்.

கடைசி இரண்டு வாக்கியங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல ஷேலாக இருந்தும் தண்ணீர் கக்கிய கிணறுகள் பலவற்றின் கதை அவற்றில்தான் இருக்கிறது.

படி 2: கோரைக் கையில் எடுங்கள்

முடிந்தால் கோர் அறைக்கு நீங்களே போங்கள். களி மிகுந்த ஷேலை நகத்தால் கீறினால் கோடு விழும். தண்ணீரில் போட்டால் இதழ் இதழாக உரியும். பார்னெட்டின் நல்ல பகுதி அப்படி இருக்காது. இரண்டு துண்டுகளைத் தட்டினால் கணீரென்று கேட்கும், கத்தி முனைக்கும் லேசில் மசியாது. கடற்பஞ்சுகளின் முட்களும் ரேடியோலேரியன் கூடுகளும் கரைந்து மறுபடி படிந்த நுண்ணிய குவார்ட்ஸ்தான் காரணம். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் சில அடுக்குகள் மட்டும் நுரைக்கும், அது கார்பனேட். குறுக்கே வெள்ளை நூல் போல் ஓடுபவை பழைய விரிசல்கள், ஆனால் கால்சைட் நிரம்பி அடைத்துக்கொண்டவை. பெயர் ஷேல், குணம் வேறு என்பது அங்கேயே புரிந்துவிடும்.

கோரில் அளக்க வேண்டியவை: மொத்தக் கரிமக் கார்பன், கனிமக் கலவை, பாறையைப் பொடித்து அளக்கும் துளைமை, ஊடுருவும் தன்மை, முதிர்ச்சி (புதைந்த வெப்பத்தில் கரிமம் எவ்வளவு வெந்திருக்கிறது என்பது), வாயுக் கொள்ளளவு. பார்னெட்டில் கரிமக் கார்பன் சராசரியாக எடையில் 4–5 சதவீதம். துளைமையும் ஏறக்குறைய அதே அளவுதான். ஊடுருவும் தன்மை நானோடார்சி கணக்கு, அதாவது சாதாரண மணற்கல்லோடு ஒப்பிட்டால் இல்லையென்றே சொல்லலாம்.

முதிர்ச்சிக்கு ராக்-எவல் சோதனை. பொடித்த பாறையைப் படிப்படியாகச் சூடாக்கினால், முதலில் ஏற்கெனவே உருவாகித் தங்கியிருக்கும் எண்ணெய் ஆவியாகும். பிறகு கெரோஜன் (பாறையில் திடமாகத் தங்கியிருக்கும் கரிமப் பொருள்) உடைந்து புது ஹைட்ரோகார்பன் வரும். அது உச்சமாக வரும் வெப்பநிலைதான் டி-மேக்ஸ். பார்னெட்டை வைத்து புவிவேதியியலாளர் ஜார்வி தந்த சூத்திரப்படி, முதிர்ச்சியின் அளவுகோலான விட்ரினைட் பிரதிபலிப்பு (சதவீதத்தில்) = 0.018 × டி-மேக்ஸ் – 7.16. டி-மேக்ஸ் 465 டிகிரி செல்சியஸ் என்றால் 1.21 வருகிறது, வாயு வரும் கட்டம். ஆனால் பாறை அதிகம் வெந்துவிட்டால் இரண்டாவது உச்சமே சப்பையாகிவிடும். அப்போது கருவி காட்டும் டி-மேக்ஸ் வெறும் எண்தான். வரைபடத்தில் போடுமுன் உச்சத்தின் வடிவத்தைக் கண்ணால் பாருங்கள். இன்னொன்று, இன்று அளக்கும் கரிமக் கார்பன் மிச்சம் மட்டுமே. வாயுவாக மாறிப் போனது அதில் சேராது.

படி 3: லாகில் கரிமத்தைத் தேடுங்கள்

கோர் ஒன்றிரண்டு கிணறுகளில்தான் இருக்கும், லாக் எல்லாவற்றிலும் இருக்கும். முதலில் கண்ணில் படுவது காமா கதிர். கரிமம் யுரேனியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் நல்ல ஷேலில் காமா எகிறும். அதை மட்டும் நம்ப வேண்டாம். பாஸ்பேட் அடுக்கிலும் யுரேனியம் உண்டு, பார்னெட்டில் அப்படிப்பட்ட அடுக்குகள் இருக்கின்றன.

எனக்கு இன்னும் கைகொடுப்பது, பாஸி குழுவினர் 1990ல் வெளியிட்ட டெல்டா லாக் ஆர் முறை. சோனிக் கோட்டையும் (ஒலி ஓர் அடி பாறையைக் கடக்க எடுக்கும் நேரம்) மின்தடைக் கோட்டையும் ஒரே தடத்தில் வையுங்கள். மின்தடையின் ஒரு பத்து மடங்கு, சோனிக்கின் 50 மைக்ரோசெகண்டுக்குச் சமமாக இருக்க வேண்டும். கரிமம் இல்லாத சாதாரணக் களிப்பாறையில் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று படியும்படி நகர்த்துங்கள். அதுதான் அடிக்கோடு. கரிமம் நிறைந்த பகுதிக்கு வந்ததும் இரண்டும் எதிரெதிராக விலகும். திரையில் பார்த்தால் ஒரு கண் திறந்தது போல இருக்கும். அந்த இடைவெளியைத்தான் அளக்கிறோம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அடிக்கோட்டில் மின்தடை 4 ஓம்-மீட்டர், சோனிக் அடிக்கு 75 மைக்ரோசெகண்ட். நாம் பார்க்கும் ஆழத்தில் 40, 90. மின்தடை பத்து மடங்கு என்பதால் அதன் மடக்கை 1. சோனிக் வித்தியாசம் 15, அதை 0.02ஆல் பெருக்கினால் 0.3. ஆக இடைவெளி 1.3. இதை, பத்தின் அடுக்கு (2.297 – 0.1688 × முதிர்ச்சி எண்) என்பதால் பெருக்க வேண்டும். இந்த முதிர்ச்சி எண் தனி அளவுகோல், மேலே வந்த 1.21 அல்ல. அதை 11 என்று வைத்தால் கரிமக் கார்பன் 3.6 சதவீதம்.

சரி, முதிர்ச்சி எண்ணை 10 என்று போட்டிருந்தால்? 5.3 சதவீதம். 12 என்று போட்டால் 2.4. லாகில் ஒரு புள்ளியும் மாறவில்லை, நாம் ஊகித்த ஒரே எண் விடையை இரண்டு மடங்குக்கு மேல் ஆட்டிவிட்டது. அதனால்தான் கோர் முதலில் வருகிறது. முதிர்ச்சி மிகுந்த பாறையில் இந்தச் சூத்திரம் குறைத்துச் சொல்லும் என்பதும் தெரிந்ததே. அங்கே சூத்திரத்தின் எண்ணை நம்புவதைவிட, கோர் புள்ளிகளோடு பொருந்தும்படி பெருக்கு எண்ணை நீங்களே சரிசெய்துகொள்வது நல்லது.

அடர்த்தி லாகில் ஒரு பழைய பொறி இருக்கிறது. கெரோஜனின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 1.1 முதல் 1.4 கிராம், குவார்ட்ஸ் 2.65. எடையில் 4 சதவீதக் கார்பன் என்றால் கன அளவில் 8 முதல் 10 சதவீதம் கெரோஜன். அதைக் கழிக்காமல் துளைமை கணக்கிட்டால், திடப்பொருளான கெரோஜன் முழுவதையும் துளை என்று எண்ணி, உள்ளே வாயுவை நிரப்பிவிடுவீர்கள். ஆரம்பகட்ட அறிக்கைகள் பலவற்றில் எண்கள் ஊதிப்போனதற்கு இதுவே காரணம் என்பது என் அனுபவம்.

கிணற்றின் சுவர் சரிந்து அகன்றுபோன இடங்களையும் கிணற்றின் விட்டத்தை அளக்கும் கேலிப்பர் லாகில் பார்த்துக் குறித்துவிடுங்கள். அங்கே அடர்த்தி லாக் பாறையைப் பார்ப்பதில்லை, தோண்டும்போது நிரப்பிய சேற்றைப் பார்க்கிறது.

படி 4: பாறை உடையுமா, வளையுமா?

ஷேலில் வாயு இருந்தால் மட்டும் போதாது, உடைத்தால் உடைய வேண்டும். குறுக்கலை சோனிக் இருந்தால் இதைக் கணக்கிடலாம். நெட்டலை வேகம் நொடிக்கு 4,000 மீட்டர், குறுக்கலை 2,500, அடர்த்தி 2.5 என்று வையுங்கள். பாய்சான் விகிதம் (அழுத்தினால் பக்கவாட்டில் எவ்வளவு பிதுங்கும் என்பது) 0.18, யங் குணகம் (பாறையின் விறைப்பு) சுமார் 37 கிகாபாஸ்கல், அதாவது 53 லட்சம் பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). ரிக்மன் குழுவினர் 2008ல் சொன்ன முறையில் யங் குணகத்தை 10 லட்சம் முதல் 80 லட்சம் பி.எஸ்.ஐ. அளவுகோலிலும், பாய்சான் விகிதத்தை 0.4 முதல் 0.15 அளவுகோலிலும் வைத்துச் சராசரி எடுத்தால், நொறுங்குதன்மை சுமார் 75 சதவீதம். ஒலியலையில் கிடைப்பது இயங்குநிலை எண். ஆய்வகத்தில் கோரை நசுக்கி அளந்தால் யங் குணகம் பொதுவாக இதைவிடக் குறைவாகவே வரும். அந்தத் திருத்தம் போடாத 75ஐ யாரிடமும் காட்டாதீர்கள்.

இந்தக் குறியீட்டின் மீது எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. சுத்தமான சுண்ணாம்புப் பாறையும் இதில் நல்ல மதிப்பெண் வாங்கும், ஆனால் அதில் வாயு இல்லை. அதைவிட முக்கியமாக, பார்னெட்டில் மார்பிள் ஃபால்ஸும் வயோலாவும் விரிசலைத் தடுத்து நிறுத்தும் சுவர்கள். வயோலா இருக்கும் கிழக்குப் பகுதியில் உடைப்பு ஷேலுக்குள்ளேயே நிற்கும். அது இல்லாத மேற்கில் விரிசல் கீழே இறங்கி எல்லன்பர்கர் தண்ணீரைத் தொட்டுவிடும். ஆகவே நொறுங்குதன்மை வரைபடத்துக்குப் பக்கத்திலேயே வயோலாவின் தடிமன் வரைபடத்தையும் வையுங்கள். இரண்டாவதுதான் அதிகம் பேசும்.

படி 5: கிணற்றை சீஸ்மிக்கோடு கட்டுங்கள்

லாக் ஆழத்தில் இருக்கிறது, சீஸ்மிக் நேரத்தில் இருக்கிறது. இரண்டையும் இணைக்க செக்‌ஷாட் அல்லது வி.எஸ்.பி. வேண்டும், அதாவது தரையில் எழுப்பிய ஒலி கிணற்றில் தெரிந்த ஆழங்களை அடைய எடுக்கும் நேரத்தின் அளவீடு. சோனிக், அடர்த்தி இரண்டையும் பெருக்கி ஒலித்தடை, அதிலிருந்து பிரதிபலிப்பு, அதோடு அலைவடிவத்தைச் சேர்த்தால் செயற்கைத் தடம். அது உண்மைத் தடத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

பார்னெட்டில் அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். மார்பிள் ஃபால்ஸிலிருந்து ஷேலுக்குள் இறங்கும்போது ஒலித்தடை சட்டென்று குறையும். ஷேலிலிருந்து வயோலாவுக்கோ எல்லன்பர்கருக்கோ போகும்போது பலமாக ஏறும். மேலே ஒரு பலமான பள்ளம், கீழே ஒரு பலமான முகடு. துருவம் (தடை ஏறுவதை முகடாகக் காட்டுவதா, பள்ளமாகவா) எந்த வழக்கில் இருக்கிறது என்பதைக் கோப்பில் எழுதியிருப்பதை நம்பாமல் இந்த ஜோடியை வைத்தே சரிபாருங்கள்.

ஒருமுறை வேறொரு படுகையில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். செயற்கைத் தடம் 18 மில்லிசெகண்ட் தள்ளி இருந்தது. கையால் இழுத்துப் பொருத்தினேன், அழகாகப் படிந்தது. அடுத்த கிணற்றில் எதிர்த்திசையில் 14 இழுக்க வேண்டியிருந்தது. அப்போதும் உறைக்கவில்லை, மூன்றாவது கிணற்றில்தான் விழித்தேன். லாக் ஆழம் ரிக்கின் மேடையில் உள்ள கெல்லி புஷிங்கிலிருந்து அளந்தது, சீஸ்மிக்கின் பூஜ்யம் வேறொரு மட்டத்தில் இருந்தது, சில கிணறுகளுக்கு ரிக்கின் உயரத்தையே யாரோ தப்பாகப் பதிந்திருந்தார்கள். நான் இழுத்துப் பொருத்தியது பக்கத்து முகட்டோடு. இரண்டு வாரம் பாழ். எல்லாக் கிணறும் ஒரே அளவு தள்ளியிருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். கிணற்றுக்குக் கிணறு திசை மாறினால் கையை எடுத்துவிட்டு மட்டங்களைச் சரிபாருங்கள்.

படி 6: சீஸ்மிக்கால் இதைப் பார்க்க முடியுமா என்று முதலில் கேளுங்கள்

இந்தப் படியைத்தான் அதிகம் பேர் தாண்டிக் குதிக்கிறார்கள். வேகம் 4,000 மீட்டர், அதிர்வெண் 40 ஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 100 மீட்டர், அதில் கால்பங்கு 25 மீட்டர். அதற்கு மெலிந்த அடுக்கின் மேலும் கீழும் தனித்தனியாகத் தெரியாது. பார்னெட் 90 முதல் 150 மீட்டர் என்பதால் மொத்தமாகத் தெரியும், மேல்–கீழ் என்று பிரிப்பதும் ஓரளவு முடியும். உள்ளே பத்து மீட்டர் தடிமனில் இருக்கும் மிகச் சிறந்த அடுக்கைத் தனியாகப் பார்க்க முடியாது.

அடுத்து, கிணற்றில் ஒலித்தடைக்கும் கரிமக் கார்பனுக்கும் குறுக்குப்படம் போடுங்கள். லாக் அளவில் நல்ல தொடர்பு தெரியும். இப்போது அதே லாகை பேக்கஸ் முறையில் சீஸ்மிக் அளவுக்குச் சராசரியாக்கி மறுபடி போடுங்கள். தொடர்பு இன்னும் நிற்கிறதா? நின்றால் மேலே போகலாம். புள்ளிகள் மேகம் போல் கலைந்துவிட்டால், இன்வெர்ஷன் (எதிரொலியிலிருந்து பாறைக் குணத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுவது) எவ்வளவு விலை கொடுத்துச் செய்தாலும் கரிமம் தெரியப்போவதில்லை. தடிமனையும் கட்டமைப்பையும் மட்டும் சீஸ்மிக்கிடம் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். சீஸ்மிக் கரிமத்தை நேராகப் பார்ப்பதே இல்லை. வேகத்தையும் அடர்த்தியையும் உணர்கிறது, மற்றதெல்லாம் நம் மொழிபெயர்ப்பு.

படி 7: இன்வெர்ஷன்

ஒலித்தடை ஒன்றை மட்டும் எடுத்தால் குழப்பம்தான். கரிமம் கூடினாலும் குறையும், களி கூடினாலும் பல இடங்களில் குறையும். அதனால் கோணவாரியாகப் பிரித்த தரவிலிருந்து நெட்டலைத் தடை, குறுக்கலைத் தடை இரண்டையும் சேர்த்து எடுக்க வேண்டும். அவற்றிலிருந்து லாம்டா-ரோ (பாறை அமுங்குவதை எதிர்ப்பதைக் காட்டுவது), மியூ-ரோ (வடிவம் மாறுவதை எதிர்ப்பதைக் காட்டுவது) கிடைக்கும். குவார்ட்ஸும் வாயுவும் உள்ள ஷேலில் முதலாவது குறைவாகவும் இரண்டாவது அதிகமாகவும் இருக்கும். களி மிகுந்தால் மியூ-ரோ விழும். அடர்த்தியைத் தனியாகப் பிரிக்க 40 டிகிரிக்கு மேல் சுத்தமான கோணத் தரவு வேண்டும். அது இல்லாமல் அடர்த்தி வரைபடம் கொடுப்பவரிடம் எப்படிச் செய்தீர்கள் என்று கேளுங்கள்.

இரண்டு இடங்களில் கவனம் தேவை. ஷேல் படுக்கைவாட்டில் வேகமாகவும் செங்குத்தில் மெதுவாகவும் அலையைக் கடத்தும். அதனால் தொலைவுத் தடங்கள் ஹாக்கி மட்டையின் முனை போல வளையும். அதை நேராக்காமல் இன்வெர்ஷன் செய்தால் வளைவே பாறைக் குணமாகத் தெரியும். இன்னொன்று, சீஸ்மிக்கில் சுமார் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே உருப்படியாக ஒன்றும் இருக்காது. அந்த அடித்தளத்தைக் கிணறுகளிலிருந்தே நிரப்புகிறோம். ஆகவே கிணற்றின் அருகில் விடை பொருந்துவது பெரிய விஷயமில்லை, நாம் கொடுத்ததைத்தான் அது திருப்பித் தருகிறது.

படி 8: கீழே குழி விழுந்த இடங்களைக் கண்டுபிடியுங்கள்

பார்னெட்டில் சீஸ்மிக் தன் சம்பளத்தைச் சம்பாதிப்பது இங்கேதான். எல்லன்பர்கர் ஒரு காலத்தில் மேற்பரப்பில் கிடந்து மழைநீரில் கரைந்து குகைகளானது. பின்னர் புதைந்தபோது குகைக்கூரைகள் சரிந்தன, மேலே இருந்த அடுக்குகளும் சேர்ந்து இறங்கின. வைஸ், ஜாக் கவுண்டிகளில் உள்ள பூன்ஸ்வில் வயலின் முப்பரிமாண சீஸ்மிக்கை வைத்து டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் புவியியல் பிரிவினர் 1990களில் இதைக் காட்டினார்கள். எல்லன்பர்கரில் தொடங்கிய சரிவு, பார்னெட்டைத் துளைத்துக்கொண்டு இரண்டாயிரம் அடிக்கு மேல் ஏறி, மேலே உள்ள பென்சில்வேனியன் பாறைகள் வரை தெரிகிறது.

வெட்டுமுகத்தில் இப்படி இருக்கும்: எல்லன்பர்கர் உச்சியின் பலமான கோடு ஓரிடத்தில் தொட்டில் போலத் தொய்ந்து மங்கும். அதற்கு நேர் மேலே பார்னெட்டின் கோடும் தொய்யும். அதற்கு மேலும் தொய்வு ஒன்றின் மேல் ஒன்றாகப் புகைபோக்கி போல நிற்கும், மேலே போகப்போகச் சிறுத்துக்கொண்டே. கிடைவெட்டில் பார்த்தால் சில நூறு மீட்டர் விட்டமுள்ள வட்டங்கள். கோஹெரன்ஸ் (பக்கத்துத் தடங்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்ற அளவு) எடுத்தால் வட்டத்தின் விளிம்பு கருப்பாகத் தெரியும், வளைவு கணக்கிட்டால் நடுவே கிண்ணம் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கோஹெரன்ஸ் மட்டும் பார்த்தால் உடையாமல் வளைந்த இடம் தப்பிவிடும்.

இந்த வட்டங்களின் மீதோ பிளவுகளின் மீதோ கிடைக்கிணற்றை (ஷேலுக்குள் படுக்கைவாட்டில் ஓடும் கிணறு) ஓட்டினால், உடைக்கும் நீர் கீழே வழுக்கி ஓடும், பிறகு எல்லன்பர்கரின் தண்ணீர் மேலே வரும். கரிமம், நொறுங்குதன்மை, அழுத்தம் எல்லாம் முதல் தரமாக இருந்தும் கிணறு வீண். ஆகவே வரைபடத்தில் ஒவ்வொரு வட்டத்தையும் பிளவையும் சுற்றி விலக்கு வளையம் போடுங்கள். எவ்வளவு அகலம் என்பதை அந்த இடத்து உடைப்பின்போது எழும் நுண்ணதிர்வுகளின் பதிவு, அதாவது மைக்ரோசீஸ்மிக், சொல்லும்.

வளைவு அதிகமான இடத்தில் இயற்கை விரிசல் அதிகம், அதனால் அங்கேதான் தோண்ட வேண்டும் என்று ஒரு பழக்கம் உண்டு. பார்னெட்டில் அது எடுபடவில்லை. அங்குள்ள இயற்கை விரிசல்களில் பெரும்பாலானவை கோரில் பார்த்த அந்த வெள்ளை நூல்கள், அடைபட்டவை.

பிளவு வரைபடத்துக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. உற்பத்தியில் வரும் கழிவுநீரை அதே எல்லன்பர்கருக்குள்தான் செலுத்தினார்கள். 2013 நவம்பர் முதல் சில மாதங்கள் ஃபோர்ட் வொர்த்துக்கு அருகே ஏசில் ஊர்ப் பகுதியில் தொடர்ச்சியாகச் சிறு நிலநடுக்கங்கள் ஏற்பட்டன. கழிவுநீரைச் செலுத்தியதும், பிளவை ஒட்டி உப்புநீரை வெளியே எடுத்ததும் சேர்ந்து அழுத்தத்தை மாற்றியிருக்க வேண்டும் என்று சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். வாயு எடுக்கும் இடத்தோடு, கழிவுநீர் போகும் இடத்தின் பிளவுகளையும் குறித்துவிடுங்கள்.

படி 9: அழுத்தமும் திசையும்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பார்னெட்டின் முக்கியப் பகுதியில் அழுத்தச் சரிவு அடிக்கு சுமார் 0.52 பி.எஸ்.ஐ., நன்னீருக்கு 0.433. லேசான மிகையழுத்தம், அது நல்லது. பெரிய கிடையழுத்தம் வடகிழக்கு–தென்மேற்காக இருப்பதால் கிடைக்கிணறுகளை வடமேற்கு–தென்கிழக்காக ஓட்டுகிறார்கள், விரிசல் கிணற்றுக்குக் குறுக்கே திறக்கும். திசையைக் கிணற்றுச் சுவரின் படத்திலிருந்து எடுங்கள். திசைவாரி சீஸ்மிக்கையும் பயன்படுத்தலாம், ஆனால் மேலே உள்ள அடுக்குகளின் பாதிப்பைக் கழித்த பிறகுதான். மேலெழும்பித் தேய்ந்த படுகைகளில் சீஸ்மிக் வேகத்திலிருந்து அழுத்தம் கணிப்பது ஆபத்து. வேகம் பழைய ஆழத்தை நினைவில் வைத்திருக்கும்.

படி 10: எவ்வளவு வாயு?

ஒரு சதுர மைலுக்கு, அதாவது 640 ஏக்கருக்குப் போடுவோம். எண்கள் விளக்கத்துக்கு மட்டும். தடிமன் 300 அடி, கெரோஜனைக் கழித்த துளைமை 5 சதவீதம், நீர் 30 சதவீதம், வாயுவின் கன அளவுக் காரணி 0.0045 (தரையில் ஒரு கன அடியாகும் வாயு பாறைக்குள் பிடிக்கும் இடம்). துளைகளில் சுதந்திரமாக இருக்கும் வாயு 6,500 கோடி கன அடி.

கெரோஜனின் பரப்பில் ஒட்டியிருக்கும் வாயுவுக்கு லாங்மூர் சூத்திரம். உச்சக் கொள்ளளவு டன்னுக்கு (2,000 பவுண்டு கொண்ட அமெரிக்க டன்) 100 கன அடி, பாதி நிரம்பும் அழுத்தம் 600 பி.எஸ்.ஐ., பாறையின் அழுத்தம் 7,500 அடியில் 3,900. 100 × 3,900 ÷ 4,500 = சுமார் 87 கன அடி. அடர்த்தி 2.5 என்று வைத்துப் பரப்பும் தடிமனும் பெருக்கினால் கிட்டத்தட்ட 5,700 கோடி. மொத்தம் 12,200 கோடி கன அடி.

இதை அப்படியே கொண்டுபோய்க் கூட்டத்தில் சொல்லிவிடாதீர்கள். ஒட்டிய வாயுவும் இடம் பிடிக்கிறது, அந்த இடத்தைத் துளைமையிலிருந்து கழிக்காவிட்டால் ஒரே இடத்தை இரண்டு முறை எண்ணியதாகும். அப்புறம், அழுத்தம் 1,000க்கு இறங்கும்போதும் சூத்திரப்படி 62 கன அடி பாறையில்தான் ஒட்டியிருக்கும். 87ல் கிட்டத்தட்ட 25 மட்டும் வெளியே வந்திருக்கும். காகிதத்தில் பாதியாகத் தெரிவது, கிணற்றின் முதல் சில ஆண்டு வருமானத்தில் அற்பம்.

படி 11: வரைபடமும் மறைத்துவைத்த கிணறும்

இப்போது எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் கொண்டுவர வேண்டும். வழக்கமாக ஒவ்வொன்றுக்கும் எடை கொடுத்துச் சராசரி எடுப்பார்கள். நான் அதற்கு எதிரி. சராசரியில் நல்ல கரிமம், கீழே திறந்துகிடக்கும் குகையை மன்னித்துவிடும். தரையில் அப்படி நடக்காது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறைந்தபட்ச எல்லை வையுங்கள்: கரிமக் கார்பன் 2 சதவீதம், விட்ரினைட் முதிர்ச்சி 1.1, தடிமன் 100 அடி, விலக்கு வளையத்துக்கு வெளியே, இப்படி. எல்லாவற்றிலும் தேறிய இடம் மட்டும் பச்சை. அந்த எல்லைகளும் அந்தந்தப் படுகைக்கு மாறும்.

இந்த வரிசையும் படுகைக்குப் படுகை மாறும். கலிபோர்னியாவின் மான்டெரே ஷேல் ஒரு பாடம். அதிலிருந்து எடுக்கக்கூடிய எண்ணெய் 1,370 கோடி பீப்பாய் என்று கருதியிருந்த அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம், 2014ல் அதை 60 கோடியாகக் குறைத்தது. பாறையில் கரிமத்துக்குக் குறைவில்லை. மடிந்தும் உடைந்தும் கிடக்கும் கட்டமைப்பில், சீராகக் கிடக்கும் ஷேலின் கணக்கு செல்லவில்லை. அதே நிர்வாகத்தின் 2013 உலக மதிப்பீட்டில் நம் காவிரிப் படுகையின் சாத்தப்பாடி, ஆண்டிமடம் களிப்பாறைகளும் இருந்தன. அது நிலம் பிளந்து உருவான படுகை. அரியலூர்–புதுச்சேரி, தஞ்சாவூர், நாகப்பட்டினம் என்று தாழ்வுகளும் நடுவே மேடுகளுமாகத் துண்டுபட்டது. அங்கே இந்த வேலையைச் செய்பவர் எட்டாம் படியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும். டெல்டாவில் புதிதாகத் தோண்டும் கேள்வியையே 2020ன் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் மூடிவிட்டது. அதில் ஷேல் வாயுவும் அடக்கம்.

கடைசியாகச் சோதனை. வேலை தொடங்கும் நாளிலேயே இரண்டு மூன்று கிணறுகளை எடுத்து ஒளித்துவையுங்கள். அவற்றின் லாகை இன்வெர்ஷனுக்கும் கொடுக்கக் கூடாது, முதிர்ச்சி வரைபடத்துக்கும் கொடுக்கக் கூடாது. ஒளித்ததில் ஒன்றாவது மோசமான கிணறாக இருக்கட்டும். வரைபடம் முடிந்ததும் அந்த இடங்களில் அது என்ன சொல்கிறது என்று எழுதி வைத்துவிட்டு, பிறகு லாகைத் திறவுங்கள். உற்பத்தியோடு ஒப்பிடும்போது கிடைக்கிணற்றின் நீளம், செலுத்திய மணலின் அளவு இரண்டாலும் வகுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் பாறையை விட்டுவிட்டு, கிணற்றை முடித்த பொறியாளரின் திறமையை வரைபடமாக்கியிருப்பீர்கள். நல்ல கிணற்றை நல்லது என்று சொன்ன வரைபடங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். மோசமான கிணற்றை மோசம் என்று முன்கூட்டியே சொன்னதா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.